தார் ரோட்டைத் தொடாமல் கடலுக்கு

எண்பதுகளின் நடுவில் நான் விழுப்புரத்தில் குடியிருந்து திண்டிவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவிக்கு விழுப்புரத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. இருவரில் ஒருவர் தினமும் பயணம் செய்தே தீரவேண்டும் என்றானபோது, மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவன் என்ற ஒரே தகுதியில் நான் தேர்வானேன். போக முப்பத்தேழு கிலோமீட்டர், வர முப்பத்தேழு. அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். வரும் தபால்களைப் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, எந்த மேசைக்குப் போகவேண்டுமோ அந்த மேசைக்கு அனுப்புவது என் வேலை.

மூன்றாவது வருடத்தில் அந்த ரோடு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. எந்தப் பள்ளம் எந்த மழையில் உண்டானது, எந்தப் புளியமரத்தில் எத்தனை வெள்ளைக் கோடு, எந்த டீக்கடையில் எத்தனை மணிக்குப் பாய்லர் கொதிக்கும் என்பதெல்லாம் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் உண்மையிலேயே கண் மூடிவிட்டது. முண்டியம்பாக்கம் பக்கத்தில் ஒரு நெல் காயப்போட்ட படுதாவின் மேல் ஏறி நின்றேன். நெல்லுக்குச் சொந்தக்கார அம்மா, "தூங்கறதுன்னா ஊட்லயே தூங்கிட்டு வாங்களேன்," என்றார். அதில் தவறு சொல்ல எதுவும் இல்லை.

அதற்குச் சில வாரம் கழித்து, விக்கிரவாண்டிக்கு அப்பால் ஒரு கரும்பு லாரி ரோட்டின் குறுக்கே படுத்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. இரண்டு பக்கமும் பஸ்கள் வரிசையாக நின்றன. பயணிகள் இறங்கி ஆளுக்கொரு கரும்பை ஒடித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். லாரி டிரைவரும் தின்றுகொண்டிருந்தார். நான் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்த ஒரு சைக்கிள்காரர், கையிலிருந்த கரும்பாலேயே வழி காட்டினார்.

"தோ, இந்த ஏரிக்கர மேல ஏறி நேரா போனீங்கன்னா கூட்டேரிப்பட்டுக்கு இந்தாண்ட ரோட்டப் புடிச்சிடலாம் சார்."

"வண்டி போகுமா?"

"மாட்டு வண்டி போவுது. உங்க வண்டி போவாதா?"

என் வண்டி சின்ன வண்டி. அலுவலகத்துக்குப் போய்வரச் செய்த வண்டி. அதைக் கரைமேல் ஏற்றினேன். இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் இறக்கத்தில் நெல் வயல், நடுவே மூன்று முழ அகலத்துக்கு மாட்டு வண்டித் தடம். தடத்தின் நடுவில் புல் முதுகு. முதல் அரைக் கிலோமீட்டரில் ஒரு தடவை விழுந்தேன். எழுந்து துடைத்துக்கொண்டு ஓட்டியபோது ஒன்று கவனித்தேன். கைக்கும் காலுக்கும் வேலை இருந்தது. முன் சக்கரம் எங்கே போகப்போகிறது என்று எனக்கு முன்கூட்டித் தெரியவில்லை. மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம். லாரி என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் லாரியை அப்புறப்படுத்திவிட்டார்கள். ரோடு காலியாக இருந்தது. நான் கரைக்குத் திரும்பும் இடத்தில் வண்டியை நிறுத்தி, ரோட்டை ஒருமுறை பார்த்தேன், கடிகாரத்தை ஒருமுறை பார்த்தேன், கரைமேல் ஏறினேன். லாரி இல்லை என்பதை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அதன்பின் வீட்டிலிருந்து அரை மணி முன்னதாகவே கிளம்பினேன்.

என் மனைவி இதைத் துணி துவைக்கும்போது கண்டுபிடித்தாள். என் பேண்டின் மடிப்பிலிருந்து ஒரு நெருஞ்சி முள்ளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"ஆபீஸ்ல நெருஞ்சி முள் மொளச்சிருக்குதுங்களா?"

சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். ஆசிரியைகளுக்கே உரிய பொறுமை அது. பொய்யா நிஜமா என்பதைப் பையன் சொல்லி முடித்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்கிற பொறுமை.

"ரோடு நல்லாத்தானே இருக்குது?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன்?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே சொன்னேன். அவள் முள்ளைக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

பதில் மாதிரி ஒன்று பிறகு புதுச்சேரியில் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டமங்கலம் வழியாகத் துணி எடுக்கப் போயிருந்தோம். அங்கே பழைய பேப்பர் கடைகளில் பிரெஞ்சுப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஒன்றில் இரண்டு பக்கம் விரிந்த ஒரு படம். பாலைவனம். அதில் பந்தய எண் ஒட்டிய ஒரு மோட்டார் சைக்கிள் பாதிச் சக்கரம் வரை மணலில் புதைந்திருந்தது. பக்கத்தில் ஓர் ஆள், முகமெல்லாம் புழுதி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். வண்டி புதைந்ததற்கு ஒருவர் சிரிப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. கீழே எழுதியிருந்ததில் கிலோமீட்டர் எண்ணிக்கை மட்டும் புரிந்தது. ஆயிரக்கணக்கில் இருந்தது. மனைவியிடம் காட்டினேன்.

"இவருக்கு ஆபீஸ் கிடையாதுங்களா?" என்றாள்.

அந்தப் பத்திரிகையை வாங்கினேன். இந்தக் காரியத்தைத் தூர தேசத்தில் பெரிய மனிதர்கள் எண் ஒட்டிக்கொண்டு செய்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு தைரியம் வந்தது. மறுநாளே பத்திரிகையோடு திண்டிவனத்தில் என் மெக்கானிக்கைப் பார்த்தேன். அவர் படத்தை வெகு நேரம் பார்த்தார்.

"இன்னா சார் பண்ணணும்?"

"சைலன்சரை மேலே தூக்கிக் கட்டணும். மட்கார்டை உயர்த்தணும். இன்ஜினுக்கு அடியில ஒரு தகடு வேணும், கல்லு படாம."

"எல்லாரும் வண்டியப் பளபளன்னு ஆக்கச் சொல்லுவாங்க. நீங்க மாட்டு வண்டியா ஆக்கச் சொல்றீங்க. ஒண்ணும் பேஜாரு இல்ல, செஞ்சிடலாம்."

இரண்டு நாளில் செய்தார். இன்ஜினுக்கு அடியில் போடும் தகட்டை, பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு விளம்பரப் பலகையிலிருந்து வெட்டினார். நல்ல கனமான தகடு. முன்பக்கமாக மடித்து முடுக்கியபோது, பச்சை நிறத்தின்மேல் வெள்ளையாக 'அரசு' என்ற மூன்று எழுத்து எதிரே வருகிறவர்களுக்கு நேராகத் தெரியும்படி அமைந்துவிட்டது. மெக்கானிக்குக் கண் சரியில்லையா, குறும்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்ணுக்குப் போட்டுக்கொள்ள ஒரு வெல்டிங் கண்ணாடியையும் கொடுத்தார். அதைப் போட்டால் புழுதி தெரியவில்லை. பாதையும் தெரியவில்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

அந்தக் கோலத்தில் கரைமேல் போன முதல் வாரத்திலேயே ஒரு பெரியவர் மண்வெட்டியைக் குறுக்கே நீட்டி வண்டியை நிறுத்தினார். தகட்டைப் படித்தார். கண்ணாடியைப் பார்த்தார். துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்.

"மதகு ஒடஞ்சி மூணு வருசம் ஆவுதுங்க. தண்ணி அத்தனையும் வீணாப் போயிக்கினு கீது. எழுதிக்கங்க."

"நான் அதுக்கு வரலைங்க."

"எதுக்கு வந்தீங்க?"

"சும்மா வண்டி ஓட்டிக்கிட்டு வந்தேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போன வருசம் வந்த ஆபீசரும் அப்படித்தான் சொன்னாரு," என்றார்.

வேறு வழியில்லாமல் மதகைப் போய்ப் பார்த்தேன். உடைந்துதான் இருந்தது. அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவர் பெயரில் ஒரு மனு எழுதினேன். தினமும் நூறு மனுவைப் பார்க்கிறவன் என்பதால் எந்த மனு எந்த மேசையில் தூங்கும், எது தூங்காது என்பது எனக்குத் தெரியும். பொருள், பார்வை, ஏரியின் பெயர், மதகின் இடம் எல்லாம் கிரமமாக எழுதி, மறுநாள் காலையில் அவரிடம் கைநாட்டு வாங்கித் தபாலில் சேர்த்தேன். இரண்டு மாதத்தில் சிமெண்டு மூட்டைகள் வந்து இறங்கின. என் மனுவால் வந்ததா, தானாக வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது.

அதன்பிறகு நான் ஏரிக்கரையில் போனால் ஆட்கள் நின்றார்கள். வேறு கரைக்கு மாறினேன். அங்கேயும் நின்றார்கள். சும்மா ஓட்டுகிறேன் என்ற பதிலை ஐந்து ஊரில் சொல்லிப் பார்த்தேன். ஓர் ஊரிலும் அது எடுபடவில்லை. மனு எழுதினேன்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு மல்லாட்டை வியாபாரியை, அதாவது வேர்க்கடலை வியாபாரியை, சந்தித்தேன். சந்தித்தேன் என்பதைவிட முட்டிக்கொண்டேன் என்று சொல்லலாம். மயிலத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான கரையில் எதிரே ஒரு பெரிய வண்டி வந்தது. கனமான பழைய மோட்டார் சைக்கிள். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் ஓட்டிவந்தார். பின்னால் ஒரு சாக்கு. இரண்டு வண்டிக்கும் இடமில்லை. திரும்பவும் இடமில்லை. இருவரும் இன்ஜினை நிறுத்தினோம்.

"நீங்க பின்னால போறீங்களா, நான் போவட்டா?" என்றார்.

"நானே போறேங்க. உங்களுது கனமான வண்டி."

"கனம்தான். ஆனா எனக்குப் பின்னால போயிப் பழக்கம். வாரத்துக்கு ரெண்டு வாட்டி இந்த மாதிரி ஆவுது."

அவர் செஞ்சிப் பக்கம், பல தலைமுறையாக அங்கேயே வாழும் சமணக் குடும்பம். மல்லாட்டைக் கொல்லைகளைச் செடியிலேயே பார்த்து விலை பேசுவது அவர் தொழில். மானாவாரி நிலங்களான அந்தக் கொல்லைகளுக்கு ரோடு கிடையாது. ஆகவே பத்து வருடமாக ஆற்று மணல், கல்லாங்குத்து, வரப்பு, ஓடை எல்லாவற்றிலும் அந்தக் கனமான வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். பத்திரிகையில் இருந்த படத்தைக் காட்டியபோது அவர் அந்த ஆளின் சிரிப்பைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தார்.

"காத்த எறக்கியிருக்கணும். எறக்கல. அதான் பொதஞ்சிடுச்சி," என்றார்.

என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தேன். சனிக்கிழமை மதியங்களில் அவரோடு சுற்றினேன். மணலில் நின்றுகொண்டு ஓட்டுவது, இறக்கத்தில் கிளட்சைத் தொடாமல் இருப்பது, இதெல்லாம் அவர் சொல்லித்தரவில்லை. அவர் முன்னால் போனார், நான் பின்னால் போய் விழுந்தேன். அவரிடம் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார். அதனால் எங்கே போனாலும் பொழுதுக்குள் சோறு கிடைக்கும் இடத்தில் இருக்கவேண்டும். இரண்டாவது, எறும்புச் சாரியின்மேல் வண்டியை ஏற்றமாட்டார். கையைத் தூக்கினால் எறும்பு என்று அர்த்தம்.

கடலுக்குப் போகும் யோசனையைச் சொன்னது நான்தான். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் வரை, தார் ரோட்டில் ஓட்டாமல், கரையும் தடமுமாகவே போய்க் கடலைப் பார்ப்பது. ரோட்டைக் குறுக்கே கடக்கலாம். அதன்மேல் ஓட்டக்கூடாது.

"போயி?" என்றார்.

"பார்த்துட்டு வரலாம்."

"மாசி மாசம் போவலாம். கொல்லைல வேல இல்ல," என்றார்.

மாசிக்கு முன்னால் அலுவலகத்தில் ஒரு காரியம் நடந்தது. வேறொரு துறையிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஐந்து கிராமங்களிலிருந்து ஏரிகள் தொடர்பாக வரும் மனுக்கள் அனைத்தும் ஒரே கையெழுத்தில் இருப்பதாகவும், 'அரசு' என்று எழுதிய மோட்டார் சைக்கிளில் ஒருவர் கரைகளைப் பார்வையிட்டு வருவதாகவும், அவர் தங்கள் அலுவலகப் பணியாளர் எனத் தெரிய வருவதாகவும், எந்த நோக்கத்துக்காக அவர் அனுப்பப்பட்டுள்ளார் எனத் தெரிவிக்குமாறும் அதில் கேட்டிருந்தார்கள். தபால் என் மேசைக்குத்தான் வந்தது. பதிவேட்டில் ஏற்றினேன். எண் போட்டேன். அதிகாரியின் மேசைக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அவர் கூப்பிட்டார்.

"ஏரிக்கரையில உனக்கு என்னய்யா வேலை?"

"வேலை ஒண்ணும் இல்லைங்க சார். வண்டி ஓட்டுறேன்."

"எங்க போறதுக்கு?"

"ஆபீசுக்குத்தாங்க சார்."

"ஆபீசுக்கு ரோடு இருக்குதே."

"இருக்குதுங்க சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நிலம் கிலம் வாங்கப் பாக்கறியா?"

"இல்லைங்க சார்."

"அந்தப் பக்கம் யாராவது…" என்று இழுத்து நிறுத்தினார்.

"யாரும் இல்லைங்க சார்."

"அப்ப ஏன்யா போற?"

"நல்லா இருக்குதுங்க சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபம் இல்லை. ஒரு ஃபைலை எங்கே வைப்பது என்று தெரியாத முகம். "நல்லா இருக்குதுன்னு விளக்கம் எழுதி அனுப்ப முடியாதுய்யா," என்றார். கடைசியில் அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நெடுஞ்சாலையில் போக்குவரத்து தடைப்பட்டதை முன்னிட்டு மாற்றுப்பாதையில் பயணிக்க நேர்ந்ததெனவும், வழியில் பொதுமக்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் மனிதாபிமான அடிப்படையில் மனுக்கள் எழுதித் தர நேர்ந்ததெனவும், இனி அவ்வாறு நிகழாதெனவும். கையெழுத்துப் போட்டேன். 'அவ்வாறு' என்பது மனு எழுதியதை மட்டும்தான் குறிக்கிறது என்று எனக்குள் வைத்துக்கொண்டேன். தகட்டின்மேல் மெக்கானிக் கறுப்புப் பெயிண்ட் அடித்தார்.

மாசியில் ஒரு ஞாயிறு, காலை எட்டு மணிக்குத் திண்டிவனத்தின் கிழக்கு ஓரத்தில் இருவரும் சேர்ந்தோம். அவரிடம் ஒரு பம்ப், பஞ்சர் சாமான், கயிறு. என்னிடம் என் மனைவி கட்டித்தந்த எலுமிச்சைச் சோறு. இரண்டு பேருக்குமாகவே கட்டியிருந்தாள். வெங்காயம் இல்லை, கிழங்கு இல்லை. "உங்களை நம்பி இல்ல. அவரு கூட வர்றாருன்னுதான் விடறேன்," என்று சொல்லியிருந்தாள்.

முதல் மூன்று மணி நேரம் நன்றாகப் போனது. ஒரு கரையிலிருந்து இறங்கினால் வண்டித் தடம், தடம் முடிந்தால் பனந்தோப்பு, தோப்பு முடிந்தால் அடுத்த ஏரி. தண்ணீர் வற்றிய ஓர் ஏரியின் நடுவிலேயே போனோம். இரண்டு இடத்தில் தார் ரோடு குறுக்கிட்டது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்தோம். பதினொரு மணிக்கு ஒரு பனைமர நிழலில் எலுமிச்சைச் சோற்றைச் சாப்பிட்டோம். மதியத்துக்கு மரக்காணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மொத்தத்தையும் தீர்த்தோம்.

பகல் ஒரு மணி வாக்கில் அவர் கையைத் தூக்கினார். எறும்பு. ஒரு புற்றிலிருந்து கிளம்பித் தடத்தைக் குறுக்காகக் கடந்து எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது சாரி. நின்றோம். சாரி முடியட்டும் என்று பத்து நிமிடம் பார்த்தோம். எறும்புச் சாரி முடிகிற வழக்கம் இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

"சுத்திக்கினு போயிடலாம்," என்றார்.

சுற்றிக்கொண்டு போகும் வழியில் சீமைக் கருவேல முள். என் பின் சக்கரத்தில் ஒன்றும் அவருடைய முன் சக்கரத்தில் இரண்டுமாக ஏறிவிட்டன. இரண்டு டயரையும் கழற்றி, ஒட்டி, மாட்டி, காற்றடித்து முடிக்கையில் மூன்று மணி ஆகிவிட்டது. அவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. எறும்புக்காகத்தான் இது என்று நானும் சொல்லவில்லை. மாறி மாறிப் பம்ப் அடித்தோம்.

நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று கழுவெளியின் ஓரமாகக் குறுக்கே போனோம். மழைக்காலத்தில் கடல்போல் தண்ணீர் நிற்கும் இடம். மாசியில் காய்ந்து, வெள்ளையாக வெடித்துக் கிடந்தது. தூரத்தில் உப்பளங்கள் தெரிந்தன. எங்கள் முன்னால் தரை சிமெண்டு போட்டதுபோல் இருந்தது. நான் முதல் தடவையாக அவரை முந்திக்கொண்டு போனேன்.

மேல்தோல் மட்டும்தான் காய்ந்திருந்தது. முன் சக்கரம் இறங்கியது, பின் சக்கரம் இறங்கியது, இன்ஜின் சேற்றில் உட்கார்ந்தது. நான் உட்கார்ந்த வாக்கிலேயே இரண்டு காலும் தரையைத் தொட்டன. தகடு கல்லைத் தடுக்கும். சேற்றை அது தடுக்கவில்லை. வண்டி அசையவில்லை. எனக்கு அப்போது அந்தப் பத்திரிகைப் படம் ஞாபகம் வந்து, சிரித்துப் பார்க்கலாமா என்று யோசித்தேன். வரவில்லை. பயமாக இருந்தது. மறுநாள் திங்கட்கிழமை.

அவர் தன் வண்டியைக் கெட்டித் தரையிலேயே நிறுத்திவிட்டு, வேட்டியை இன்னும் ஒரு சுற்று ஏற்றிக் கட்டிக்கொண்டு வந்து இழுத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் உப்பளத்திலிருந்து ஆறு பெண்கள் வந்தார்கள். வேலை முடித்துக் கிளம்பும் நேரம் போலிருக்கிறது. எல்லோருக்கும் முழங்கால் வரை உப்பு வெள்ளை. முன்னால் வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"இதுல இன்னாத்துக்கு வந்தீங்க? ரோடு தோ அங்க கீதே."

"ரோட்டைத் தொடாம கடலுக்குப் போறோங்க."

"வேண்டுதலா?"

"இல்லைங்க."

"பந்தயமா?"

"இல்லைங்க."

"அப்புறம்?"

"சும்மா."

"சும்மாவா?" என்றார் அந்த அம்மா. காலால் சேற்றை ஆழம் பார்த்தார். "செரி. கவுறு வச்சிக்கினு கீறீங்களா?"

அந்தப் பதிலை ஐந்து ஊர்க்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன், என் அதிகாரியிடமும் கிட்டத்தட்டச் சொல்லியிருக்கிறேன். ஏற்றுக்கொண்ட முதல் ஆள் அவர்தான். ஓடிப்போய்க் கயிற்றை எடுத்துவந்தேன்.

உப்பு வாரும் மரப்பலகைகளைச் சக்கரத்துக்கு முன்னால் செருகி, கயிற்றைக் கட்டி, எட்டுப் பேரும் இழுத்தோம். மூன்றாவது இழுப்பில் வண்டி ஒரு பெரிய சத்தத்துடன் வெளியே வந்தது. பெண்கள் சிரித்தார்கள். வியாபாரியும் சிரித்தார். பிறகு சூரியனைப் பார்த்தார். பனைமர உயரத்துக்கு இறங்கிவிட்டிருந்தது.

"அண்ணன் பொழுது சாஞ்சா சாப்பிடமாட்டாரு," என்று நான் அந்த அம்மாவிடம் விளக்கினேன். அவர் உடனே தூக்குச் சட்டியைத் திறந்தார். மத்தியானம் மிச்சமிருந்த கேப்பைக் களி. கூடவே கருவாட்டுக் குழம்பு.

"அது வேணாம்மா. களி மட்டும் போதும்," என்றார் வியாபாரி.

"வெங்காயம் கீது. கடிச்சிக்கிறியா?"

"அதுவும் சாப்பிடறதில்லம்மா."

"அப்புறம் எத்த வச்சித்தான் துன்னுவ நீ?"

அவர் சுற்றிலும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் குவியல் குவியலாக வெள்ளை. "உப்பு போதும்மா," என்றார்.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில், கிளம்பிப் போய்க்கொண்டிருந்த மற்ற ஐந்து பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். களியை அண்ணா சூரியனைப் பார்த்தபடி நிதானமாகச் சாப்பிட்டார். எனக்குக் கருவாட்டுக் குழம்போடு கிடைத்தது. அதைப்போல் நான் பிறகு சாப்பிட்டதில்லை.

கடலுக்கு எப்படிப் போவது என்று கேட்டோம். நடுவில் உப்பங்கழி இருக்கிறது, தண்ணீரைத் தாண்டப் பாலம் ஒன்றுதான், பாலத்துக்கு ரோடு ஒன்றுதான் என்றார்கள்.

"ரோட்டுல போனா பத்து நிமிசம்," என்றார் அந்த அம்மா.

நாங்கள் இருவரும் ரோட்டு ஓரத்தில் வந்து நின்றோம். கறுப்பாக, வழுவழுப்பாக, காலியாக இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் வலி. போகலாம் அண்ணா, யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் இன்ஜினை அணைத்துவிட்டார்.

"ஓட்டக்கூடாதுன்னுதான பேச்சு. தள்ளிக்கினு போவலாம்."

தள்ளினோம். என்னுடையது லேசு. அவருடையது ஒரு எருமைக் கன்று கனம். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, வியர்த்து வழியத் தள்ளினார். போகிற வருகிறவர்கள் எல்லோரும் நின்று விசாரித்தார்கள். பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்றார்கள். இல்லை என்றோம். ரிப்பேரா என்றார்கள். இல்லை என்றோம். ஒரு சைக்கிள்காரர் நம்பாமல் டாங்க் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ரொம்பக் கீதே!" என்றார். வேறொருவர், தள்ளிக்கொண்டு போவதுதான் இந்த வண்டியை ஓட்டும் முறையோ என்னவோ என்ற முகத்துடன் கொஞ்ச தூரம் கூடவே வந்தார்.

பாலம் தாண்டி, மணலில் இறங்கிய பிறகு இன்ஜினைக் கிளப்பினோம். டயரில் காற்றை இறக்கச் சொன்னார். இறக்கினேன். சவுக்குத் தோப்பின் ஊடாக மணலில் நின்றபடியே ஓட்டி, கடைசி மேட்டில் ஏறினோம். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. கடல் இருந்தது. கட்டுமரங்கள் கரையில் கிடந்தன. ஒரு நாய் வந்து இரண்டு வண்டியையும் மோந்து பார்த்துவிட்டுப் போனது.

நாங்கள் பத்து நிமிடம் நின்றிருப்போம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்துக்கொண்டார். பின்னர், "நல்லாத்தான் கீது," என்றார். திரும்பும்போது தார் ரோட்டிலேயே வந்தோம். அவ்வளவு சுகமான ரோடு அது என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

அடுத்த வருடம் என்னை விழுப்புரத்துக்கே மாற்றினார்கள். வீட்டிலிருந்து அலுவலகம் நடந்தால் பன்னிரண்டு நிமிடம். எத்தனையோ பேர் ஆளைப் பிடித்துக் கேட்டும் கிடைக்காத இடம். சக ஊழியர்கள் ஸ்வீட் கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தேன். மெக்கானிக் மட்டும், "ஐயையோ," என்றார். வியாபாரியை அதன்பின் மாதம் ஒருமுறைதான் பார்க்க முடிந்தது. அவர் வழக்கம்போல் கொல்லைகளுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். அவருக்கு அது தொழில் என்பதால் மாற்றல் கிடையாது.

நான் நடந்து ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த மூன்றாவது மாதம், ஒரு சனிக்கிழமை சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள்.

"முகையூர்ப் பக்கம் ஆத்துல தண்ணியில்லியாம். மணல்ல போவலாம்னு டீச்சர் ஒருத்தங்க சொன்னாங்க. உங்க வண்டி போவுங்களா?"

போகும் என்றேன்.

மறுநாள் காலையில் போனோம். பெண்ணையாற்று மணல் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் விரிந்து கிடந்தது. அவள் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து கொஞ்ச தூரம் வந்தாள். வண்டி இரண்டு முறை ஆடியதும் தோளைத் தட்டி நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு மணல் திட்டின்மேல் ஏறி நின்றாள்.

"நீங்க போங்க. எப்பிடித்தான் இருக்குதுன்னு பாக்கறேன்."

நான் எழுந்து நின்றபடி ஓட்டினேன். மணல் பின்னால் பீய்ச்சியடித்தது. எதிர்க்கரை வரை போய், ஒரு வட்டம் அடித்து, விழாமல் திரும்பி வந்து அவள் முன்னால் நிறுத்தினேன். மூச்சு வாங்கியது. அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி?" என்றேன்.

"இன்னொரு வாட்டி போங்க," என்றாள். "இந்த வாட்டி முதுகை நிமிர்த்தி நில்லுங்க."